காசிமேட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசுங்கள்

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருந்த காலத்தில், ரேடியோவில் உடல்நலம் பற்றிப் பேச என்னை அவ்வப்போது கூப்பிடுவார்கள். பிறந்து வளர்ந்தது திருவொற்றியூர் என்பதால், வட சென்னையின் ராயபுரம், எண்ணூர் பக்கமிருந்து போன் வந்தால் மைக்கை என் பக்கம் தள்ளிவிடுவார்கள். இனி இந்த மக்களிடம் பேசப் போகிறவர்களுக்கு அங்கே கற்றதைச் சொல்லிவைக்கிறேன்.

முதலில் நேரம் பாருங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் விடிவதற்கு முன்பே சூடுபிடித்துவிடும். காலை பத்து மணிக்கு 'இல்லத்தரசிகளுக்கான' நிகழ்ச்சி ஓடும்போது மீன்காரப் பெண்கள் கூடையோடு தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருப்பார்கள். மணலி ஆலைகளில் நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்கள். சர்க்கரை மாத்திரையைக் 'காலை ஒன்று, இரவு ஒன்று' என்று சொன்னால் அவர்களுக்குக் குழப்பம்தான். எது காலை? டாக்டரிடம் போகும்போது ஷிஃப்ட் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் சொல்லி, மாத்திரை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று நான் சொல்வேன். சாப்பிடாமல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் முன் நின்று மயங்கி விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு நிகழ்ச்சியில் உடன் வந்திருந்த மருத்துவர், தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார். லைனில் வந்த ஒரு மீன்கார அம்மா கேட்டார்: "குடிக்கலாம் சார். ஒண்ணுக்கு எங்க சார் போறது?" ஸ்டூடியோவில் யாருக்கும் பதில் வரவில்லை.

விடிகாலை வீட்டை விட்டுக் கிளம்பினால் மத்தியானம் வரை ஒதுங்க இடமில்லை. அதனால் தண்ணீரைக் குறைக்கிறார்கள், வந்ததை அடக்குகிறார்கள். நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம். இதை அவர்களுடைய அலட்சியம் என்று பேசுகிறவர் மேல் எனக்குக் கோபம் வரும். நான் சொல்வது இதுதான்: ஏலக்கூடத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை போய்விடுங்கள். வழக்கமாக வாங்கும் வீடுகளில் ஒன்றிரண்டில் கழிவறையைக் கேட்டுப் பழக்கிக்கொள்ளுங்கள், கேட்பதில் கேவலம் இல்லை. எரிச்சலோடு குளிர் காய்ச்சலும் விலாப் பக்க வலியும் வந்தால் மோர் குடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூடவே, சந்தைக்குச் சந்தை பெண்களுக்குக் கழிவறை வேண்டும் என்பதையும் அதே மைக்கில் சொல்லுங்கள். அதுவும் மருத்துவ ஆலோசனைதான்.

கடல் தொழிலில் இருப்பவர்களுக்கு மிகவும் பயன்பட்டதாக நான் நினைக்கும் குறிப்பு, முள் குத்துக்கானது. திருக்கையோ கெளுத்தியோ குத்தினால், பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் கையையோ காலையோ அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருந்தால் வலி நன்றாகக் குறையும். அந்த விஷம் சூட்டில் வீரியம் இழக்கும். ஆனால் சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது, வெந்து போகும். அவருக்கு வேறொருவர் கைவைத்துப் பார்த்த பிறகே தண்ணீர் வைக்க வேண்டும். முள் ஆழமாகப் போயிருந்தால், அதுவும் நெஞ்சிலோ வயிற்றிலோ என்றால், பிடுங்காமல் அப்படியே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மூச்சு விஷயம் பெரிது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் பக்கம் இன்னும் கிடக்கிறது. கன்டெய்னர் லாரிகளின் புகை வேறு. இங்கே உள்ள ஆஸ்துமாக்காரரிடம் போய் 'அதிகாலை சாலையோரம் வேகமாக நடங்கள்' என்பது பொறுப்பில்லாத பேச்சு. புகை மண்டிய நாளில் வீட்டுக்குள் உடற்பயிற்சி போதும். இன்ஹேலர் கடைசிக் கட்டத்து மருந்து என்ற பயத்தை ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் உடைக்க வேண்டியிருக்கிறது. மாத்திரையை விட மிகக் குறைந்த அளவு மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, அவ்வளவுதான். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளிப் பரிசோதனை, அரசு மருத்துவமனையில் இலவசம். காச நோயாளியை வீட்டை விட்டு ஒதுக்க நினைப்பவர்களுக்கு நம் ஊர்க் கதையையே சொல்வேன். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மையத்தின் ஆய்வுதான், வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலே குணமாகும், உடன் இருப்பவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்குக் காட்டியது. சென்னையின் ஏழைக் குடும்பங்கள் பங்கெடுத்த ஆய்வு அது. இதைக் கேட்டதும் போனில் குரல் மாறிவிடும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று சொல்ல ஆளில்லை. காற்று போகும் திசையில் ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். அமோனியா தண்ணீரில் சட்டென்று கரையும், அதனால் ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் வைத்துக்கொண்டால் கொஞ்சம் தாங்கும். கண் எரிந்தால் கால் மணி நேரம் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். இந்த நான்கு வாக்கியங்களை அமைதியான நாட்களில் ஆயிரம் முறை ஒலிபரப்பியிருக்க வேண்டும்.

அப்படி ஒலிபரப்ப நம் பகுதிக்கென்றே ஒரு வானொலி வேண்டும். பாம்பனில் மீனவர்களுக்காக 2016 முதல் கடல் ஓசை 90.4 என்ற சமுதாய வானொலி ஒலிக்கிறது. அண்ணா பல்கலைக்கழக வளாக வானொலி 2004-இலேயே வந்துவிட்டது. சமுதாய வானொலி நடத்தக் கல்வி நிறுவனங்களுக்கும், பதிவாகி மூன்று ஆண்டுகள் ஆன தொண்டு அமைப்புகளுக்கும் உரிமம் உண்டு. நூறு வாட் திறன் போதும், சுமார் பத்து கிலோமீட்டர் வரை கேட்கும். உள்ளாட்சி தரும் சுகாதார எச்சரிக்கைகளை ஒலிபரப்பவும் விதி அனுமதிக்கிறது. எண்ணூரையும் காசிமேட்டையும் நடுவிலிருந்து எட்டும்படி அப்படி ஒரு நிலையத்துக்கு, வட சென்னையில் உள்ள கல்லூரிகளும் மீனவர் அமைப்புகளும் விண்ணப்பிக்க வேண்டும். பேச நாங்கள் வருகிறோம்.