சிப்பாய் மன்னர் கார்ல் யோஹான்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஸ்வீடனையும் நார்வேயையும் 1818 முதல் 1844 வரை ஆண்ட பதினான்காம் கார்ல் யோஹான், பிறப்பால் பிரெஞ்சுக்காரர். இயற்பெயர் ழான் பப்டீஸ்ட் பெர்னடோட். போ என்ற ஊரில் 1763-ல் ஒரு வக்கீல் வீட்டில் பிறந்தார். 17 வயதில் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். நெப்போலியனின் மார்ஷல்களில் ஒருவராகி, கடைசியில் முடியும் சூடினார். இப்படிப்பட்டவரைப் பற்றிய கதைகளுக்குக் கைகால் முளைக்காமல் இருக்குமா?

நம்பிக்கை: நெப்போலியன்தான் அவரை ஸ்வீடன் அரியணையில் ஏற்றினார்.

உண்மை: அழைப்பு ஸ்வீடனிலிருந்து வந்தது. 1809-ல் பின்லாந்தை ரஷ்யாவிடம் இழந்த நாடு அது. மன்னருக்கு வாரிசில்லை, தேர்ந்தெடுத்த இளவரசரும் 1810-ல் திடீரென இறந்துவிட்டார். அரசாங்கக் கடிதத்தோடு பாரிஸ் போன லெப்டினன்ட் கார்ல் ஓட்டோ மோர்னர், யாரையும் கேட்காமல் பெர்னடோட்டிடம் பேச்சைத் தொடங்கினார். ஊர் திரும்பியதும் அவரைக் கைது செய்தார்கள். ஆனால் யோசனை பற்றிக்கொண்டது. ஆகஸ்ட் 21-ல் ஓரேப்ரூ நகரில் கூடிய நாடாளுமன்றம் பெர்னடோட்டையே தேர்ந்தெடுத்தது. நெப்போலியன் தடுக்கவில்லை, அவ்வளவுதான். மூன்றே ஆண்டுகளில், லைப்சிக் போரில், பெர்னடோட் எதிரணிப் படையொன்றை நடத்தி வந்தார்.

நம்பிக்கை: ‘அரசர்கள் ஒழிக’ என்று உடம்பில் பச்சை குத்தியிருந்தார்.

உண்மை: புரட்சிக் காலத்தில் அவர் குடியரசுவாதி என்பது நிஜம். பச்சை குத்தியதற்கு மட்டும் நம்பத் தகுந்த சான்று இல்லை. 1833-ல் பாரிஸில் மேடையேறிய நகைச்சுவை நாடகம் ஒன்றிலும் இதே கதை வருகிறது.

நம்பிக்கை: நார்வேயை வென்று ஸ்வீடனின் மாகாணமாக்கினார்.

உண்மை: 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கைப்படி டென்மார்க் நார்வேயை விட்டுக்கொடுத்தது. நார்வேக்காரர்கள் ஒப்பவில்லை, மே 17-ல் தங்களுக்கென்று அரசியல் சாசனம் எழுதிக்கொண்டார்கள். சில வாரச் சண்டைக்குப் பின் சமரசம் பேசிய கார்ல் யோஹான், அந்தச் சாசனத்தை ஏற்றார். அரசர் ஒருவர்; நாடாளுமன்றமும் சட்டமும் தனித்தனி. 1821-ல் நார்வே நாடாளுமன்றம் பிரபுப் பட்டங்களை ஒழிக்கத் துணிந்தபோது, தலைநகருக்கு வெளியே ராணுவப் பயிற்சி நடத்திப் பயமுறுத்திப் பார்த்தார். உறுப்பினர்கள் மசியவில்லை. அடுத்தடுத்து மூன்று நாடாளுமன்றங்கள் நிறைவேற்றினால் மன்னர் சம்மதம் தேவையில்லை என்பது சாசன விதி. பட்டங்கள் ஒழிந்தன.

நம்பிக்கை: மொழி தெரியாதவர், அதனால் பெயரளவு மன்னர்.

உண்மை: முதல் பாதி சரி. ஸ்வீடிஷ் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. பிரெஞ்சிலேயே ஆட்சி நடத்தினார். பிடி மட்டும் தளரவில்லை. காலையில் படுக்கையில் இருந்தபடியே அரசு அலுவலைப் பார்ப்பார்; அவரை அணுக நெருங்கிய நண்பர் மாக்னுஸ் பிராஹே வழியாகத்தான் போக வேண்டும். விமர்சித்த ‘ஆஃப்டன்பிளாடெட்’ பத்திரிகையின் உரிமத்தை அரசு ரத்து செய்தது. அது ‘இரண்டாம் ஆஃப்டன்பிளாடெட்’ என்ற பெயரில் வந்தது. மறுபடி ரத்து, மறுபடி புது எண்.

தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவருக்கு முரண்டு பிடிக்கவும் தெரியும், முற்றும்முன் விட்டுக்கொடுக்கவும் தெரியும். அவர் வம்சம் ஸ்வீடன் அரியணையில் நீடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பத்திரிகையும் இன்றுவரை வெளிவருகிறது.