நிலத்தடி நீரும் பல விடைக் கணக்கும்

வற்றாத ஆறொன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே நமக்கு ஆதாரமாவது, சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புக்களில் தங்கும் மழைநீரே. அது, தன்னினும் அடர்ந்த உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்பின் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் உண்டென்பது கைபென், ஹேர்ஸ்பேர்க் என்போர் கண்ட விதி. நிலாவரையில் மேல்நீர் நன்னீராயும் அடிநீர் உவராயும் இருத்தலை மாணவர் அறிவர். தமிழாசிரியருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்பார்க்கு எம் வீட்டுக் கிணறே விடை.

உவர் எங்கே தொடங்குகின்றது என்பதைத் தோண்டாமலே ஆராய வழியுண்டு. நிலத்தில் நான்கு மின்வாய்களை ஊன்றி, வெளியிரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, உள்ளிரண்டினிடையே அழுத்த வேறுபாட்டை அளப்பர். வெளி மின்வாய்களை அகற்ற அகற்ற ஆழ்படைகளின் தன்மை புலப்படும். உவர்நீர் மின்னை எளிதிற் கடத்தும். நன்னீர் அவ்வாறு கடத்தாது.

இடர் இனித்தான் தொடங்குகின்றது. படைகள் தெரிந்தால் அளவீட்டைக் கணித்தல் எளிது. அளவீட்டிலிருந்து படைகளைக் காண்டல் அரிது. புகை கண்டு நெருப்பை அனுமானிக்கும் தருக்க நூலார், பனிப்படலத்தைப் புகையென மயங்குதலும் உண்டென்பர். ஈண்டு அம்மயக்கம் கணக்கிலேயே கலந்துள்ளது. ஈரக் களிக்கும் உவர்ப்படைக்கும் இடையே ஆழத்திற் கிடக்கும் மெல்லிய நன்னீர்ப்படை, 4 மீற்றர் தடிப்பும் 100 ஓம் மீற்றர் தடைத்திறனும் உடையதாயினும், 5 மீற்றரும் 80 ஓம் மீற்றரும் உடையதாயினும் பெருக்கம் 400 தான். மேலே பெறும் அளவீடும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு மீற்றர் பிழைத்தால் துளை உவரிற் சென்று முட்டும்.

1995 இல் கெனடி, எபர்ஹாட் என்னும் இருவர் வகுத்த துணிக்கைத் திரள் முறை இங்கே துணைபுரிகின்றது. வல்லைவெளியில் இரைதேடும் பறவைக் கூட்டத்தை நினைக்க. ஒவ்வொரு துணிக்கையும் ஓர் ஊகம். அது தான் கண்ட நல்லிடத்தையும் கூட்டம் கண்ட நல்லிடத்தையும் நினைந்து, சிறிது தற்செயலாகவும் நகரும். ஆயினும் திரள் ஓரிடத்தில் ஒடுங்கியதே அவ்விடம் மெய்யென்பதற்குச் சான்றன்று. ஸ்பெயின் தேசத்து பெர்னாண்டஸ் மார்ட்டினெஸ் முதலியோர், கடல்நீர் உட்புகலை ஆராய்கையில், அளவீட்டுப் பிழைக்குள் பொருந்திய ஊகங்கள் பலவற்றையும் திரட்டி, அவற்றின் பரப்பையே நோக்கினர். துணிக்கைகள் செறிந்தவிடமே நிகழ்தகவு மிக்கவிடம் என்று கொள்வதும் தவறு. திரள் அங்கே விரைந்து இழுக்கப்பட்டமையாலும் செறிவு உண்டாகும்.

பொருந்திய ஊகங்கள் உவரின் தொடக்கத்தை 18 மீற்றர் முதல் 25 மீற்றர் வரை காட்டினவென்று கொள்வோம். மிகப் பொருந்திய ஒன்று 22 மீற்றர் என்று சொன்னாலும், துளையிடுவோர் 18 மீற்றருக்கு மேலேயே நிறுத்துதல் வேண்டும்.