வீட்டிலேயே எழுத உட்காருகிறவர்களுக்கு

வீட்டில் எழுத முடியவில்லை என்பவர்கள் முதலில் சத்தத்தைத்தான் குறை சொல்வார்கள். பக்கத்து வீட்டு மிக்ஸி, தெருவில் கூவிக்கொண்டு போகும் பழைய பேப்பர்காரர், ஹாலில் ஓடும் சீரியல். இதெல்லாம் பத்து நிமிடத்தில் காதுக்குப் பழகிவிடும். பழகவே பழகாதது ஒன்று உண்டு: எந்த நேரமும் யாராவது கூப்பிடுவார்கள் என்கிற எதிர்பார்ப்பு. அது இருக்கும்வரை, கதவைச் சாத்திக்கொண்டாலும் பாதி மனசு வாசலில்தான் நிற்கும். ஆகவே தனி அறை தேடுவதற்கு முன் வீட்டாரோடு ஓர் ஏற்பாட்டுக்கு வர வேண்டும்.

முதலில் நேரம். ஒரு வாரம் வீட்டின் நடமாட்டத்தைக் குறித்து வையுங்கள். பால் எப்போது, குழாயில் தண்ணீர் எப்போது, பள்ளி வேன் எப்போது, வேலைக்கு வரும் அம்மா எப்போது, பெரியவர்களுக்கு மாத்திரை எப்போது. எழுதிப் பார்த்தால், யாருக்கும் நீங்கள் தேவைப்படாத ஓர் இடைவெளி கண்ணில் படும். பல வீடுகளில் அது விடியற்காலை. சில வீடுகளில் வேன் போய், சமையலும் முடிந்த பிறகு. ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். ஆனால் தினமும் அதே மணியாக இருக்க வேண்டும்.

ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி டிரோலப் தபால் துறை அதிகாரி. வேலைக்குப் போவதற்கு முன், காலை 5.30 மணிக்கே மேசைக்கு வந்துவிடுவார். தன்னை எழுப்பிக் காபி கொடுக்கிற பணியாளுக்கு அதற்கென்றே ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததைத் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். (நாம் காபியை நாமே கலந்துகொள்ள வேண்டியதுதான்.) முதல் அரை மணி முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதுவார். அந்த வேகம் நமக்கு வேண்டாம். படித்துவிட்டுத் தொடங்கும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வீட்டில் சொல்வது. எல்லாவற்றிலும் முக்கியமான வேலை இதுதான். “என்னைத் தொந்தரவு பண்ணாதீங்க” என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்பதைச் சொல்லுங்கள். “அம்மா, எட்டரை வரைக்கும் எழுதிட்டிருப்பேன். எட்டரைக்கு எழுந்து கடைக்குப் போயிட்டு வந்துடறேன்.” முடிவு தெரிந்தால் அவர்களும் பொறுத்திருப்பார்கள். சொன்னபடி எட்டரைக்கு எழுந்துவிட வேண்டும், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. ஒருநாள் ஒன்பதே கால் ஆக்கிவிட்டால், மறுநாள் ஏழரைக்கே கதவு தட்டப்படும்.

பெண்களுக்கு இது இவ்வளவு எளிதாக நடப்பதில்லை. கவிஞர் சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் கழிவறையில் ஒளிந்து எழுதியவர். இன்று நிலைமை அவ்வளவு மோசமில்லாத வீடுகளிலும், எழுதிக்கொண்டிருக்கும் பெண்ணிடம்தான் “சீரகம் எந்த டப்பாவில இருக்கு?” என்று கேட்கிறார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குக் காலிங் பெல், அடுப்பு, குழந்தை மூன்றையும் பெயர் சொல்லி இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு உட்காருங்கள். கணவர் வீட்டில் இருந்தால் அது அவர் பொறுப்பு. இதில் தயவு தாட்சண்யம் பார்த்தால் எழுத்து நடக்காது.

இடத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சுவரைப் பார்த்த மாதிரி ஒரு நாற்காலி, ஒரு மேசை. டிவியும் வாசலும் கண்ணில் படக் கூடாது. கட்டில் வேண்டவே வேண்டாம். அமெரிக்க எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ எழுதுவதற்கென்று ஓட்டல் அறை எடுத்து, சுவரில் இருந்த படங்களையும் கழற்றச் சொல்லிவிடுவாராம். நாம் காலண்டரைத் திருப்பி மாட்டினால் போதும். உட்காரும் முன் தண்ணீர், மூக்குக் கண்ணாடி, சார்ஜர், பேனா எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சார்ஜர் எடுக்கப் போனவர் வழியில் ஃப்ரிட்ஜைத் திறந்து, வாடிக் கிடக்கும் கொத்தமல்லியைப் பார்த்து, அதை ஆய உட்கார்ந்துவிடுவார். மோட்டாரைப் போட்டுவிட்டு எழுத உட்காரவும் கூடாது. தொட்டி நிரம்பி வழிகிறதா என்று காது மாடியிலேயே இருக்கும்.

போனை வேறு அறையில், பீரோவுக்குள் வையுங்கள். கவிழ்த்து வைப்பது, சைலன்ட்டில் போடுவது எல்லாம் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. அவசரத்துக்கு யாராவது அழைத்தால் என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி இருக்கிறது. தொந்தரவு வேண்டாம் என்ற அமைப்பைப் போட்டு, குறிப்பிட்ட சிலருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி செய்யலாம். ஒரே ஆள் சிறிது நேரத்துக்குள் மறுபடி அழைத்தால் மணி அடிக்கும் வசதியும் அதிலேயே உண்டு. போனிலேயே தட்டச்சு செய்பவர்கள் ஃபிளைட் மோடில் போட்டுக்கொள்ளுங்கள். எழுதும்போது ஓர் ஆண்டோ பெயரோ சந்தேகமாக இருந்தால், அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். இணையத்தில் தேடுவதைச் சாயங்காலம் மொத்தமாக வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு செய்தும் உள்ளிருந்து குரல்கள் வரும். கரன்ட் பில் கடைசித் தேதி, கேஸ் புக் பண்ணவில்லை, சித்தப்பாவுக்குப் போன் பண்ணவில்லை. எழுத உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் இவையெல்லாம் வரிசை கட்டி வந்து நிற்கும். பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு “கேஸ்” என்று ஒரு சொல் எழுதிவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். எழுதி வைத்துவிட்டால் அது திரும்பத் திரும்ப வந்து அரிக்காது. சீட்டு தாளாகத்தான் இருக்க வேண்டும். குறித்து வைக்கப் போனை எடுத்தால் கதை முடிந்தது.

ஒரு மணி நேரம் மலைப்பாக இருந்தால் பிரித்துக்கொள்ளலாம். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவச் சமையலறை டைமரை வைத்துப் படித்த முறை உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. ஓய்வில் செய்தி பார்க்காதீர்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், மாடி ஏறி இறங்கலாம். எழுத்து சரளமாக ஓடும்போது மணி அடித்தால் அதை மதிக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. திக்கித் திணறும் நாளுக்குத்தான் அந்த மணி.

முடிக்கும் இடத்தையும் யோசித்து வையுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்பது அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே சொன்ன யோசனை. வீட்டில் எழுதுகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான உத்தி எனக்குத் தெரியவில்லை. அடுத்த பத்தியில் வர வேண்டியதை இரண்டு வரி கிறுக்கிவிட்டு எழுந்திருங்கள். மறுநாள் வெற்றுத்தாளை முறைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்காது.

தினம் எவ்வளவு எழுதுவது? எழுத்தாளர் ஜெயமோகன் 2014 ஜனவரி 1 அன்று தொடங்கிய ‘வெண்முரசு’, தினம் ஓர் அத்தியாயமாக வந்து, 2020இல் 26 நாவல்களாக நிறைவடைந்தது. அதைப் பார்த்து மிரள வேண்டாம். நாளுக்கு 200 சொல் என்று ஆரம்பியுங்கள். கல்யாணம், காய்ச்சல், ஊரிலிருந்து விருந்தாளி என்று வரும் நாட்களில் கால் மணி உட்கார்ந்தால் போதும். அதுவும் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

நாளைக்கு எத்தனை மணிக்கு உட்காருவீர்கள், எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்பதை இன்று ராத்திரி சாப்பிடும்போதே வீட்டில் சொல்லிவிடுங்கள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குள் உங்களுக்கு ஒரு வேலை வந்துவிடும்.