தாயின் மனநலமும் பிள்ளை காணும் குடும்பமும்

“தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது நம் பழமொழி. குணத்தைக் கருதிச் சொல்லப்பட்ட இம்மொழி மனநலத்துக்கும் பொருந்துமா என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முதற் பாடம்

குழந்தைக்குக் குடும்பம் என்பது முதலில் ஒரு முகம். பெரும்பாலும் அது தாயின் முகம். அமெரிக்க உளவியலாளர் எட்வேர்ட் ட்ரோனிக் 1970களில் ஒரு சோதனை நடத்தினார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்கள் முகத்தில் எவ்வுணர்ச்சியும் காட்டாதிருந்தார். குழந்தை சிரித்தும் கைநீட்டியும் அவரை அழைத்தது; பயனில்லாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நாம் வாழும் ரொறன்ரோவிற் கல்வி கற்று, 1939 இல் இங்குள்ள பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர் மேரி ஏன்ஸ்வேர்த். அவர் 1950களில் உகண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் அவர்தம் வீடுகளிலேயே அவதானித்தார். தாய் தன் குறிப்பறிந்து உதவுவாள் என நம்பும் குழந்தையே துணிந்து உலகை ஆராய்கின்றது என்பது அவர்தம் ஆய்வின் சாரம்.

தாய் சோர்ந்தால்

மனச்சோர்வு சோம்பலுமன்று, குணக்கேடுமன்று. அது ஒரு நோய். பிள்ளை பெற்ற தாய்மாருள் உலகளவில் ஏறத்தாழ 13 வீதமானோர் மனநலக் குறைவுக்கு உள்ளாகின்றனர் என்கின்றது உலக சுகாதார நிறுவனம்.

ஊரிலே, 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை தாயும் மாமியும் சரக்குக் கறி சமைத்துப் பக்கத்திலிருப்பர். வோபர்னின் மாடிக் குடியிருப்பிலோ, கணவர் இரவு வேலைக்குச் செல்ல, வெளியே பனி கொட்ட, அவள் தனித்திருக்கின்றாள். 1983 இன் பின் வந்தோர் பலர் போரின் நினைவுகளையும் சுமந்து வந்தனர். போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் காயப்படுத்தும் என யாழ்ப்பாண உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விளக்கியுள்ளார்.

நான்கைந்து வயதுப் பிள்ளை இக்காரணங்களை அறியாது. நிகழ்வதற்கெல்லாம் தானே காரணமென எண்ணும் பருவம் அது. “நான் குழப்படி செய்தபடியால் அம்மா அழுகிறா” என முடிவுகட்டுகின்றது. வீடென்றால் சத்தமின்றி நடக்கும் இடம், அன்பென்றால் கேட்கக் கூடாத பொருள் எனக் கற்றுக்கொள்கின்றது. சில பிள்ளைகள் தம்பி தங்கையருக்குத் தாமே தாயாகின்றனர். ‘கெட்டிக்காரப் பிள்ளை’ என நாமும் மெச்சிவிடுகின்றோம்.

செய்யத்தக்கன

எப்போதும் சிரிக்கும் தாய் உலகில் இல்லை. அவ்வாறு இருக்க வேண்டுவதுமில்லை. பிணங்கிய பின் மீண்டும் அணைத்துக்கொண்டால் போதும். தாயின் மனச்சோர்வு மருத்துவத்தால் நீங்கியபோது பிள்ளைகளின் உளத்துன்பமும் குறைந்ததென 2006 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. தாய்க்குச் செய்யும் வைத்தியம் பிள்ளைக்கும் வைத்தியமாகும்.

ஆகவே பெற்றோரே, ‘நாலு பேர் அறிந்தால் என்ன நினைப்பர்’ என்று நோயை மறைக்க வேண்டாம். குடும்ப வைத்தியரை நாடுங்கள். 1987 இல் வெளிவந்த எடின்பரோ வினாப்படிவம் பத்தே வினாக்கள் கொண்டது, தமிழிலும் உண்டு. பிள்ளையிடம் எளிய சொற்களிற் கூறுங்கள்: “அம்மாவுக்கு மனம் சுகமில்லை. அது உன்னுடைய பிழையில்லை. வைத்தியர் உதவி செய்வார்.” தந்தையும் பேரரும் ஆசிரியரும் அன்பாக அருகிருந்தால், பிள்ளை காணும் குடும்பம் விரிவடையும்.

மாணவச் செல்வங்களே, அம்மாவைச் சுகப்படுத்துவது உங்கள் பொறுப்பன்று. நம்பிக்கையான பெரியவரிடம் சொல்வது வீட்டைக் காட்டிக்கொடுப்பதும் ஆகாது. 1989 இல் ரொறன்ரோவில் தொடங்கிய கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் சேவையையும் நீங்கள் அழைக்கலாம்.

நூல் நைந்திருக்கச் சேலையைக் குறைகூறிப் பயனில்லை. அந்நூலைப் பேணுவது வீட்டார் அனைவரினதும் கடனாகும்.