ஏடு திறந்தோர்க்கு ஏற்றம்

கல்வி கொடுக்கக் குறையாதென்று வகுப்பில் நாள்தோறும் போதிக்கின்றோம்; கொடுத்தவர்க்கு உத்தியோகத்தில் உயர்வுண்டோவென எவரும் வினவுவதில்லை.

உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்துகொண்டே 1887இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றினார். அவ்வாண்டிலேயே நம் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். வீடுகளிற் பூட்டிக்கிடந்த ஏடு அச்சேறிய பின்னரே கற்றோர் யாவரும் பாடங்களை ஒப்பிட்டுப் பிழை காட்டுதல் இயன்றது. ஏடுதவியோர் பெயர்களையும் ஐயர் முகவுரையிற் பொறித்தார். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது 1932இல். அப்போது வயது 77!

ஆய்வின் தரவு, முறை, முடிவு ஆகியவற்றை யாவரும் பெற்றுச் சோதிக்கத் திறந்துவைத்தலே இன்று திறந்த அறிவியல் எனப்படும். அதனைச் செய்வோர் உழைப்பும் மதிப்பீட்டிற் சேரவேண்டுமென யுனெஸ்கோ 2021இல் விதந்துரைத்தது. சஞ்சிகையின் பெருமையை ஆய்வாளர் தகுதிக்கு அளவுகோலாக்கலாகாதெனச் சான்பிரான்சிஸ்கோப் பிரகடனம் 2012இலேயே கூறிற்று. ஆயினும் பதவியுயர்வில் கட்டுரைகளை எண்ணுதல் எளிது; தரவைச் செம்மைசெய்து பிறர்க்கீந்த ஆண்டுகளை எண்ணுதல் அரிது. (எண்ணுவோர்மீதும் முழுப் பழியில்லை, அவர்களுக்கும் நேரங் குறைவு.)

நமக்கு இது வெறும் வாதமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது வேறு பிரதியில்லாச் சுவடிகளும் சாம்பராயின. பூநகரியிலிருந்து இடம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற ஏடுகளுக்கோ கணக்கில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் எஞ்சியவற்றைச் சேர்த்து இலவசமாக வழங்குகின்றது. நம் கல்லூரியிற் கற்றுப் பல்கலைக்கழகஞ் சென்ற ஒருவர், ஈராண்டு அலைந்து இங்குள்ள ஓலைகளைப் படமெடுத்து, உடையவர் இசைவோடு அங்கே சேர்ப்பாராயின், நேர்முகத் தேர்விலே அதற்கு எத்தனை புள்ளி? தேர்வுக் குழுக்களில் அமரும் பழைய மாணவர் சிலரும் இம்மலரை வாசிப்பர், அவர்களிடமே கேட்கின்றேன்.