ரிங்குக்குக் கீழே நிற்பவர்: சில நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.வின் 30 அணிகளும், கல்லூரிகளிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் வரும் இளைஞர்களை ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு சுற்றுகளில் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 2015 ஜூனில் பஞ்சாபின் பல்லோ கே சிற்றூரைச் சேர்ந்த, 7 அடி 2 அங்குல உயரமுள்ள சத்னாம் சிங்கை டல்லாஸ் மாவரிக்ஸ் அணி 52ஆவது வீரராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் அவ்வாறு தேர்வானது அதுவே முதல்முறை என்பதால் நாடெங்கும் கொண்டாடப்பட்டது. ஆனால் ஒரு என்.பி.ஏ. ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை. கல்லூரியில் ஆடிப் பெயர்பெற்ற சென்டர்களை, அதாவது ரிங்குக்கு அருகே ஆடும் நெட்டையான வீரர்களைப் பற்றியும் இத்தகைய எதிர்பார்ப்புகள் எளிதில் வளர்வதால், அவற்றுள் சிலவற்றை இங்கே ஆராயலாம்.

நம்பிக்கை: உயரம் இருந்தால் மற்றவை தாமாக வரும்.

தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும் ரிங்கை எட்டுவது கைகளே ஆதலால், தேர்வாளர்கள் தலையுச்சி வரையிலான உயரத்தோடு நின்றபடி கையைத் தூக்கினால் எட்டும் உயரத்தையும் இரு கைகளை விரித்த அகலத்தையும் அளக்கிறார்கள். 6 அடி 6 அங்குலம் என்று குறிக்கப்படும் டிரேமண்ட் கிரீன், 7 அடியைத் தாண்டிய கைவிரிவு இருந்தும், உயரம் போதாது என்ற கணிப்பால் 2012இல் 35ஆவது இடம் வரை காத்திருந்தார். 2017இல் அவரே என்.பி.ஏ.வின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரராகத் தெரிவானார். இதற்கு நேர்மாறாக, கனடாவில் பிறந்த பஞ்சாபி வம்சாவளியினரான, 7 அடி 5 அங்குல உயரமுள்ள சிம் புல்லர், நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆடிய பின் 2014 டிராஃப்டில் எவராலும் எடுக்கப்படாமல், அடுத்த ஆண்டு சேக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்காக மூன்றே ஆட்டங்களில், அதுவும் சில நிமிடங்களே ஆடினார்.

நம்பிக்கை: கல்லூரியில் ரீபவுண்டும் (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுதல்) பிளாக்கும் (எதிராளி எறியும் பந்தைத் தட்டிவிடுதல்) குவித்தவர் தொழில்முறையிலும் குவிப்பார்.

மிகுதியாகப் பிழைபடும் கணிப்பு இதுவே. இதன் வேர் விதிகளில் இருக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் கல்லூரிகள் ஆடும் போட்டிகளில் பின்பற்றப்படும் சர்வதேச விதிகளிலும், அமெரிக்கக் கல்லூரி விதிகளிலும், தற்காக்கும் சென்டர் தன் ரிங்குக்குக் கீழேயே எவ்வளவு நேரமும் நிற்கலாம். என்.பி.ஏ.விலோ, 2001–02 பருவத்திலிருந்து, எதிராளி எவரையும் நெருங்கிக் காக்காமல் ரிங்குக்குக் கீழே வரையப்பட்ட செவ்வகப் பகுதியில் மூன்று விநாடிகளுக்கு மேல் நிற்பது குற்றம். ஆகவே அவர் வெளியே வந்தே தீர வேண்டும்.

வெளியே காத்திருப்பது ஸ்கிரீன் என்னும் தந்திரம். எதிரணியின் சென்டர், பந்தைத் தட்டிவரும் கார்டைக் காப்பவரின் வழியில் உடலால் குறுக்கே நின்று, அந்தக் கார்டை விடுவிக்கிறார். அக்கணத்தில் நம் சென்டர் 7.24 மீட்டர் மூன்று புள்ளிக் கோட்டை நோக்கி இரண்டடி முன்னேறி, இடுப்பைத் தாழ்த்தி, கால்கள் பின்னிக்கொள்ளாமல் பக்கவாட்டில் நகர்ந்து, கார்டின் எறிதலைத் தடுத்துக்கொண்டே ரிங்கை நோக்கி ஓடும் எதிரணிச் சென்டரையும் விடாமல் பின்வாங்க வேண்டும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பிளாக் மன்னராக விளங்கிய, 7 அடி 3 அங்குல உயரமுள்ள ஹஷீம் தபீத் 2009இல் மெம்ஃபிஸ் அணியால் இரண்டாவதாகத் தேர்வானார். அவருடைய தொழில்முறை வாழ்வின் சராசரியோ ஆட்டத்துக்கு 2.2 புள்ளிகள்தான். அதே டிராஃப்டில் ஏழாவதாகப் போனவர் ஸ்டீபன் கரி என்பதை மெம்ஃபிஸ் ரசிகர்களிடம் நினைவூட்டாமலிருப்பது நல்லது.

சர்வதேச விதியில் ரிங்கைத் தொட்டுவிட்ட பந்தை எவரும் தட்டிவிடலாம் என்பதும், என்.பி.ஏ.வில் ரிங்குக்கு நேர்மேலே இருக்கும் பந்தைத் தொடுவதே குற்றம் என்பதும் நம் ஊர்த் தற்காப்பாளர்களை மதிப்பிடும்போது நினைவில் கொள்ளத்தக்கன.

நம்பிக்கை: ஆண்டின் சிறந்த கல்லூரி வீரர் விருது ஒரு உறுதிச்சீட்டு.

அயோவா பல்கலைக்கழகத்தின் லூகா கார்சா 2021இல் அவ்விருதைப் பெற்றும் சத்னாம் தேர்வான அதே 52ஆவது இடத்துக்கே வந்தார். 2022இல் பெற்ற, ஆட்டத்துக்கு 15 ரீபவுண்டுகள் எடுத்த ஆஸ்கர் ஷீப்வேயை 2023இல் எந்த அணியும் எடுக்கவில்லை. விருது பயனற்றது என்று இதிலிருந்து முடிவுகட்டவும் கூடாது. இருமுறை அதை வென்ற, 7 அடி 4 அங்குல உயரமுள்ள சாக் ஈடியை மெம்ஃபிஸ் அணி 2024இல் ஒன்பதாவதாகவே எடுத்துக்கொண்டது.

வயதும் ஃப்ரீ த்ரோவும் இங்கே துணைச் சான்றுகளாகும். தடுப்பார் இல்லாமல் எறியும் ஃப்ரீ த்ரோவில் தவறாதவர் பிற்காலத்தில் தொலைவிலிருந்தும் எறியக் கற்பார் என்று தேர்வாளர்கள் கருதுகிறார்கள். 22 வயதில் 18 வயதினரை வென்று குவித்த புள்ளிகளை அவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள்.

மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டத்தை அடுத்தமுறை காணும் வாசகர்கள், நெட்டையான மாணவர் எத்தனை பந்துகளைத் தட்டிவிட்டார் என்று எண்ணுவதோடு நில்லாமல், ஸ்கிரீனுக்குப் பிறகு அவருடைய கால்கள் எங்கே போகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். தேர்வுக்குழுவினரும் அவ்வாறே செய்வது நல்லது.