எக்ஸ் கதிரும் கேரம் போர்டும்



காம்ப்டன் விளைவு என்றாலே "சூத்திரத்தை மனப்பாடம் பண்ணு, மார்க் வந்திடும்" என்கிறோம். நானும் அப்படித்தான் படித்தேன். ஹாஸ்டலில் கேரம் ஆடும்போதுதான் விஷயம் புரிந்தது.

ஸ்ட்ரைக்கர் பட்டால் காய் ஓடுகிறது. ஸ்ட்ரைக்கர் வேகம் குறைந்து வேறு பக்கம் திரும்புகிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆர்தர் காம்ப்டன், 0.71 ஆங்ஸ்ட்ராம் எக்ஸ் கதிரைக் கிராஃபைட் மீது செலுத்தி, 1923-ல் முடிவை வெளியிட்டார். 90 டிகிரியில் சிதறிய கதிரில் பழைய அலைநீளமும் இருந்தது, 0.024 ஆங்ஸ்ட்ராம் கூடுதலான இன்னொன்றும் இருந்தது. ஒளி வெறும் அலை என்றால் இப்படிக் கூடாதே! ஃபோட்டான் என்ற ஒளித்துகள் எலக்ட்ரானில் மோதி, தன் ஆற்றலில் கொஞ்சத்தைக் கொடுத்துவிடுகிறது. ஸ்ட்ரைக்கர் மாதிரி அதன் வேகம் குறையாது, அலைநீளம்தான் கூடும். அணுவோடு இறுகப் பிணைந்த எலக்ட்ரானில் பட்டால் முழு அணுவையும் தள்ள வேண்டும். அதனால் பழைய அலைநீளம் அப்படியே மிஞ்சுகிறது.

அப்படின்னா சாதாரண வெளிச்சத்தில் இது ஏன் தெரியவில்லை? கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூடும் அளவு சிதறும் கோணத்தைப் பொறுத்தது. வந்த கதிரின் அலைநீளத்தைப் பொறுத்ததல்ல. 0.71-ல் 0.024 என்பது நூற்றுக்கு மூன்றுக்கு மேல். பச்சை ஒளியின் 5,200-ல் அதே 0.024, சுமார் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு!

காம்ப்டனுக்கு 1927-ல் நோபல் பரிசு கிடைத்தது. நண்பர்களே, சூத்திரத்தை ஒப்பிக்கும் முன் அதில் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அப்புறம் அது மறக்கவே மறக்காது.